ஹாலிடன் துரையின் சாப்பாட்டு மேசை

வரதராசன்பேட்டை
9 செப்டம்பர் 2024

ஈரம் வற்றிய நெஞ்சுக்காரியும் என் சொந்தத் தங்கை மகளும் பெரம்பலூர் ஹாலிடன் ஹவுஸ் ஹோட்டலின் பட்டத்து ராணியுமான ஜெனிதாவுக்கு,

வரதராசன்பேட்டையின் முடிசூடா மன்னனும், முந்திரிக் காட்டுச் சொந்தக்காரனும் (இரண்டே மரம் என்றாலும் காடு காடுதான்), ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரும், உன் தாய்மாமனுமாகிய பிலவேந்திரன் எழுதுவது. நலம் விசாரிக்கவில்லை. நீ நலமாக இருந்தால் எனக்கு அது பிடிக்காது.

என் போன் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். எத்தனை தடவை அடித்தாலும் ஒரு பெண் வந்து இந்தி பேசிவிட்டுப் போகிறாள். அவளும் நானும் இப்போது நல்ல பழக்கம். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை என்பதால் பேனாவை எடுத்தேன்.

சனிக்கிழமை நடந்ததை நீ என்னவென்று சொல்லித் திரிகிறாய் என்று தெரியும். 'மாமா தண்ணியப் போட்டுட்டு வந்து கலாட்டா பண்ணிட்டாரு.' நான் குடித்தது உங்கள் ஹோட்டலில் கொடுத்த நன்னாரி சர்பத். அதுவும் ஒயின் கிளாசில், மேலே காகிதக் குடையோடு. மழையே இல்லாத இடத்தில் சர்பத்துக்குக் குடை பிடிக்கும் ராஜ்யத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் சுற்றிக் காட்டும் நாள் என்று உன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தாய். அவள் என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் மாறி வந்து இறங்கினால், வௌவால் குடியிருந்த துரை பங்களா தேவலோகமாக நிற்கிறது. தரையில் முகம் தெரிந்தது. குனிந்து மீசையைத் திருத்திக்கொண்டேன். குளியல் தொட்டியில் இரண்டு எருமை கன்று போடலாம், மூன்றாவது எருமை கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். கட்டிலில் ஏற ஏணி. கூரையில் தொங்கும் பங்காவை ஒரு ஆள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே இருக்கிறான், அவன் தலைக்கு மேலேயே ஏசி ஓடுகிறது. நீ கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, துரை இங்கே சுருட்டுப் பிடித்தார், துரைசாணி இங்கே பியானோ வாசித்தார் என்று தமிழும் இங்கிலீஷுமாகப் பொழிந்துகொண்டே போனாய். பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் வந்த சென்னைக்காரரிடம், "நம்ம மருமவதாங்க. இவ பேச்சக் கேட்டு போன வாரம் ஒரு வெள்ளக்காரன் மயக்கம் போட்டு வுழுந்துட்டான்" என்று சொன்னேன். அவர் நம்பினார்.

அப்புறம் சாப்பாட்டு ஹாலுக்குள் கூட்டிப்போனாய்.

நீளமாக, குறுகலாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை. இரண்டு ஓரத்திலும் மும்மூன்றாக, பித்தளை பதித்த ஆறு துளை. மேலே பொங்கல், வடை, கட்லெட், நறுக்கிய பப்பாளி. நீ கையை நீட்டி, "இது ஹாலிடன் துரையோட சாப்பாட்டு மேசை. கிறிஸ்துமஸ் விருந்துல முழு மயிலச் சுட்டு இதுலதான் வச்சாங்க. இந்த ஆறு துளையும் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுக்கு" என்றாய். கூட்டம் வாயைப் பிளந்தது.

ஜெனிதா, அது எங்கள் கோயிலின் அடக்க மேசை. அடக்கப் பூசைக்குச் சவப்பெட்டியை இறக்கி வைக்கிற மேசை. என் பெண்டாட்டியை, உன் அத்தை ஆரோக்கிய செல்வியை, ஊரார் கடைசியாகப் பார்த்தது அதன்மேல்தான். அவள் தலை இருந்த இடத்தில் நீ தேங்காய்ச் சட்னி வைத்திருக்கிறாய்.

அதற்குமேல் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். கட்லெட் தட்டு தானாகத்தான் விழுந்தது. செக்யூரிட்டிகள் என்னை இரண்டு பக்கமும் தாங்கித் தூக்கிக்கொண்டு போனதைக் குறை சொல்லமாட்டேன். மன்னர்கள் நடந்து போவதில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மேசையை அங்கிருந்து எடு. அதன்மேல் இனி எவனும் சாப்பிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன் (இன்றுவரை)
பிலவேந்திரன்


பெரம்பலூர்
14 செப்டம்பர் 2024

திரு. பிலவேந்திரன் அவர்களுக்கு,

மாமா என்று எழுதக் கை வரவில்லை. இதைக்கூட எழுதியிருக்க மாட்டேன். பதில் வராவிட்டால் நேரில் கிளம்பி வந்துவிடுவீர்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

கட்லெட் தட்டு தானாக விழவில்லை. ஒரு பிரெஞ்சு அம்மாவின் செருப்பின்மேல் விழுந்தது. அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஜெனிதா, உங்க ஃபேமிலிய வூட்டோட வச்சுக்கோங்க. இங்க வேணாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஜனவரியில் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது, பார்க்கலாம் என்கிறார்கள். அந்த டூரை எழுதியது நான். ஒவ்வொரு அறைக்கும் சாமான் தேடி ஊர் ஊராக அலைந்தது நான். நீங்கள் ஒரு நிமிடத்தில் அதன்மேல் மண்ணை அள்ளிப் போட்டீர்கள்.

உங்கள் பேச்சை எதற்காக நான் நம்ப வேண்டும்? சின்ன வயதில் என் புதுநன்மைப் பூசை அன்றைக்கு ஆயரிடம் போய், எனக்குக் கனவில் மாதா வந்து கணக்குப் பாடம் சொல்லித் தருவதாகச் சொன்னீர்கள். அவர் என்னைக் கூப்பிட்டுப் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டார். கள்ளக்குறிச்சியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், "அரியலூர் சிமெண்ட் பூரா நம்ம பொண்ணோட தாத்தா நெலத்துல தோண்டி எடுக்கறதுதான்" என்றீர்கள். அவர்கள் நிலத்தைப் பார்க்க வந்தார்கள். ஆட்டுப்பட்டி இருந்தது. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை மட்டும்தான் அன்றைக்கு உங்களைத் திட்டினார்.

அந்த மேசை லெப்பைக்குடிக்காட்டில் பழைய மரச்சாமான் வியாபாரம் செய்யும் பீர் முகமது பாயிடம் வாங்கியது. துரை வீட்டு மேசை என்று சொல்லித்தான் கொடுத்தார். மயில் கதையும் அவர் சொன்னதுதான்.

ஒரு பொய்யைப் பெரிதாக்க உங்களுக்கு அத்தையும் தேவைப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இனி எழுத வேண்டாம்.

ஜெனிதா


வரதராசன்பேட்டை
19 செப்டம்பர் 2024

திருமதி ஆகத் தவறிய செல்விக்கு,

இதுவரை என்னைத் 'திரு' என்று அழைத்தது கரண்ட் பில் ஒன்றுதான். இப்போது நீயும் சேர்ந்துகொண்டாய். அதுவாவது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக விசாரிக்கிறது.

கள்ளக்குறிச்சிக்காரன் உன்னைப் பார்க்க வந்தானா, சுண்ணாம்புக் கல்லைப் பார்க்க வந்தானா? ஆட்டைப் பார்த்ததும் ஓடிப்போனவன் நாளைக்கு உன் நரைமுடியைப் பார்த்தும் ஓடியிருப்பான். உன்னைக் காப்பாற்றியதற்கு எனக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வைக்கும்போது மீசை சரியாக வரட்டும்.

மேசை விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதிலிருந்து அந்தக் கோயிலுக்கு வந்தவளுக்கு ஏன் அது தெரியவில்லை என்று நீயே உன்னைக் கேட்டிருப்பாய். அடக்கப் பூசை என்றால் கறுப்பு வெல்வெட் துணி தரை வரைக்கும் தொங்கும். துணிக்கு மேலே ஆறு மெழுகுவர்த்தித் தண்டு மட்டும் நிற்கும். மரத்தைப் பார்த்தவர்கள் துணியை விரிக்கிறவர்களும் பெட்டியைத் தூக்கி வைக்கிறவர்களும்தான். நான் உன் அத்தையைத் தூக்கி வைத்தேன். தலைமாட்டுப் பக்கம் பிடித்தது நான்.

உன் அத்தை அடக்கத்துக்கு ஆண்டிமடம் முதல் உடையார்பாளையம் வரை ஊர்கள் காலியாகிவிட்டன. காக்கைகூடக் கல்லறைப் பக்கம் பறக்க இடமில்லாமல் நடந்து போயிற்று. அவ்வளவு கூட்டத்தில் நீ மட்டும் இல்லை. கோவாவில் டிரெயினிங். கைக்குட்டையை அன்னப்பறவையாக மடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாய். அவள் உன்னைத் தூக்கி வளர்த்தவள். காது குத்தும்போது என் மடியில் உட்கார மறுத்து அவள் மடியில் உட்கார்ந்தாய். இப்போது அவள் பெயரை நான் இழுக்கக் கூடாது என்கிறாய். யார் இழுப்பது? அன்னப்பறவையா?

உன்னிடம் கெஞ்சிப் பயனில்லை என்பதால் உங்கள் மேனேஜருக்கே இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். டிக்‌ஷனரியை மூன்று நாள் பட்டினி போட்டு வேலை வாங்கினேன். நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் கல்லறைத் திருநாள், அன்றைக்கு இறந்தவர்களெல்லாம் தங்கள் பொருளைத் தேடி வருவார்கள், அதற்குள் மேசை வெளியேறாவிட்டால் உங்கள் பப்பாளிக்கு நான் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறேன். படித்ததும் அவர் நடுங்குவார்.

பிலவேந்திரன்


பெரம்பலூர்
30 செப்டம்பர் 2024

மாமா,

நடுங்கவில்லை. குதித்தார்.

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறைக்கே ஓடி வந்தார். "ஜெனிதா, உங்க மாமா ஒரு ஜீனியஸ்! மயில் கதை யாருக்கு வேணும்? இது சாவு மேசை! இதவிட என்ன வேணும்?" என்றார். நான், "சார், அது உண்மையில்ல, அவரு எப்பவும் இப்படித்தான்" என்றேன். "உண்மையா பொய்யான்னு யார் கேட்டா? கேக்க எவ்ளோ நல்லாருக்கு!" என்றார். மேனேஜர் நிகில் பெங்களூர்க்காரர். அவருக்குச் சாவு என்பதுகூட ஒரு அலங்காரம்.

விளைவு இதுதான். நவம்பர் இரண்டாம் தேதி 'ஆறு மெழுகுவர்த்தி விருந்து'. ஆறு துளையிலும் மெழுகுவர்த்தி. மேலே கறுப்பு வெல்வெட். அதன்மேல் கோழி ரோஸ்ட், கேக். சென்னையிலிருந்து ஆட்கள் இப்போதே அறை கேட்கிறார்கள். தேதியைச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். வெல்வெட்டைச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள். நானாக இருந்திருந்தால் இவ்வளவு நேர்த்தியாக யோசித்திருக்க முடியாது.

உங்களுக்கும் வேலை வைத்திருக்கிறார். சிவப்புத் தலைப்பாகை, இடுப்பில் பட்டை, பித்தளை வில்லை. துரையிடம் வேலை பார்த்த கிழட்டு சேவகனாக வந்து நின்று, ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஏற்றி, கதை சொல்ல வேண்டுமாம். "அந்த அங்கிள் வந்தா டூரையே அவர்கிட்ட குடுத்துடலாம்" என்றும் சொன்னார். என் முகத்துக்கு நேராகச் சொன்னார். என் வேலையை எடுக்க நீங்கள் விண்ணப்பம்கூடப் போட வேண்டியதில்லை. உங்கள் வாயே போதும்.

அத்தை அடக்கத்துக்கு நான் வராததைப் பற்றி எழுதினீர்கள். பஸ், ரயில், எல்லாம் பார்த்தேன். மறுநாள்தான் வர முடிந்திருக்கும். போனில் நீங்கள், "வராத, இங்க ஒண்ணும் கொறையில்ல, எல்லாம் பிரமாதமா நடக்குது" என்றீர்கள். கல்யாணத்தைச் சொல்வதுபோல் சொன்னீர்கள். நான் அதையும் உங்கள் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வாரம் லீவு நாளில் லெப்பைக்குடிக்காடு போகிறேன். பீர் முகமது பாயிடம் நேரில் கேட்டு இந்தக் கதைக்கு ஒரு முடிவு கட்டுகிறேன். மேசை துரையுடையது என்று தெரிந்தால் உங்கள் கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் வேண்டும்.

ஜெனிதா


வரதராசன்பேட்டை
5 அக்டோபர் 2024

கொலைபாதகிக்கு,

கோழி ரோஸ்ட்டா? கேக்கா?

உங்கள் மேனேஜரிடம் சொல். சேவகன் வேடம் போட வேறு ஆளைப் பார்க்கட்டும். எங்கள் பரம்பரையில் யாரும் எவனுக்கும் தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றதில்லை. என் தாத்தாவைப் பார்த்தால் ஹாலிடன் துரை குதிரையிலிருந்து இறங்கி, குதிரையையும் வணக்கம் சொல்லச் சொல்வாராம். நவம்பர் இரண்டு அன்றைக்கு நான் வருவேன். தனியாக அல்ல. நூறு டிராக்டர், பேண்டு செட், வாணவேடிக்கையோடு வரதராசன்பேட்டையே திரண்டு வரும். உங்கள் வாசலில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னால் அந்தச் சத்தத்தில் பெரம்பலூரே நகர்ந்து உட்காரும்.

(சாமியாரிடம் கேட்டேன். "பிலவேந்திரன், கோயில் கணக்குல அந்த மேச எப்பவோ போயிடுச்சு. சும்மா வூட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டார். டிராக்டர் வைத்திருக்கும் அமல்தாசும் டீசல் யார் போடுவது என்று கேட்கிறான். இந்தச் சின்ன இடைஞ்சல்களை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.)

இன்னொன்று. அந்தப் பாயைப் போய்த் தொந்தரவு செய்யாதே. பாவம், வயதானவர். ஞாபகம் சரியில்லை என்று கேள்வி. யாரைப் பார்த்தாலும் எதையாவது உளறுவாராம். வெயில் வேறு கடுமையாக இருக்கிறது. லீவு நாளில் தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கு. உன் முகம் அன்றைக்கே வாடித்தான் இருந்தது.

பிலவேந்திரன்


பெரம்பலூர்
12 அக்டோபர் 2024

மாமா,

என் முகம் வாடியிருந்ததாக இருபத்தெட்டு வருடத்தில் நீங்கள் சொன்னது இதுதான் முதல் தடவை. அதனாலேயே முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

பாய்க்கு ஞாபகம் உங்களைவிட நன்றாக இருக்கிறது. குடோனில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மேசையின் போட்டோவைக் காட்டினேன்.

"இதையா கேக்குற? இது வரதராசன்பேட்டயில எடுத்ததும்மா. பெரிய மீச வச்ச ஆளு. டிராயிங் மாஸ்டராம். என்னா பேச்சுங்கிற! மயிலு, துரை, வெள்ளி வெளக்கு... நானும் அறுவது வருசமா பழைய சாமான் பாக்குறேன், இது சாப்பாட்டு மேச இல்லன்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்த மனுசன் சொன்ன அழகுக்கே எடுத்துட்டேன்."

"கோயில் மேசன்னு சொல்லலியா?"

"ஒரு வார்த்த சொல்லல. ஒரே ஒரு கண்டிசன் போட்டாரு. 'பாய், இத இந்தப் பக்கத்துல யாருக்கும் வித்துடாதீங்க. கப்பல்ல ஏத்தி லண்டனுக்கே அனுப்பிடுங்க'ன்னாரு. இன்ஷா அல்லான்னு சொல்லிட்டேன். லண்டன் எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்? வருசக் கணக்கா இங்கயே கெடந்துச்சு. அப்புறம்தான் நீ வந்து கேட்ட."

டீ கிளாசைக் கீழே வைத்தேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"வண்டி கெளம்புறப்ப திடீர்னு அவரும் பின்னால ஏறிக்கிட்டாரு. ஆண்டிமடம் வரைக்கும் மேச பக்கத்துலயே குந்திக்கிட்டு வந்தாரு. அவ்ளோ பேசுன ஆளு, வழி பூரா வாயத் தொறக்கலம்மா. எறங்கிப் போயிட்டாரு."

அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். இறந்தவர்களை வைக்கக் கோயிலுக்கு ஐஸ் பெட்டி வாங்கியதும் பழைய சாமான்களைக் கழிக்கும் பொறுப்பை உங்களிடம்தான் கொடுத்தார்களாம். அத்தை போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம்.

ஆக, துரையும் நீங்கள். மயிலும் நீங்கள். தினமும் மூன்று தடவை கோட்டுப் போட்டுக்கொண்டு உலகத்துக்கு நான் ஒப்பித்தது உங்கள் பொய். அதை என்னிடமே கேட்டுவிட்டு, என்னையே திட்டி, என் முன்னாலேயே தட்டைத் தள்ளிவிட்டீர்கள். அத்தை படுத்திருந்த மேசையை விற்றது நீங்கள். சட்னி வைத்ததற்கு நான் பாதகியா? எனக்குக் கோபம் எவ்வளவு என்று எழுதினால் அது உங்கள் கடிதம் மாதிரி ஆகிவிடும்.

விருந்து நடக்கும். நான் தடுக்கப்போவதில்லை.

ஜெனிதா


வரதராசன்பேட்டை
18 அக்டோபர் 2024

ஜெனிதாவுக்கு,

குற்றப்பத்திரிகை கிடைத்தது. ஒப்புக்கொள்ளவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன். கோர்ட்டில் பெரிய மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பீடத்துக்கு இடப்பக்கம் இருக்கும் அறையின் கதவு சரியாகச் சாத்தாது. நான் பூசைக்கு உட்காரும் இடத்திலிருந்து அந்த மேசையின் ஒரு கால் தெரியும். ஒரே ஒரு கால். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமியார் பேசுவார், பாட்டுக்காரர்கள் பாடுவார்கள், நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடம் மாறி உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம்கூடப் போய் உட்கார்ந்து வீரம்மாளிடம் திட்டு வாங்கினேன். எங்கே உட்கார்ந்தாலும் அது எனக்குத் தெரிந்தது. கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம் என்றால், உன் அத்தை விடமாட்டாள். அவள் போன பிறகும் விடமாட்டாள்.

அடக்க மேசை என்று சொன்னால் எவன் வாங்குவான்? அதனால் அதற்குப் பதவி உயர்வு கொடுத்தேன். மயில் கொடுத்தேன், துரை கொடுத்தேன். ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகிற பொருள் கொஞ்சம் ஜோடனையோடு போகட்டும் என்று நினைத்தேன். கப்பலில் கடலைத் தாண்டி, பனி பெய்கிற ஊரில், எவன் வீட்டிலோ போய் நிற்கும் என்று நம்பினேன். நீ அதைத் தேடிப் பிடித்து இரண்டு பஸ் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாய். அதோடு விட்டாயா? நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னாய். என்னைவிட அழகாகச் சொன்னாய். அதற்காகவே உன்னை மன்னிக்கமாட்டேன்.

விருந்து நடக்கும் என்கிறாய். நடக்கட்டும். நூறு டிராக்டரும் வராது, பேண்டு செட்டும் வராது. நான் மட்டும் வருவேன். செக்யூரிட்டியைத் தாண்டி உள்ளே வந்து அந்த மேசைமேல் ஏறிப் படுத்துக்கொள்வேன். ஆறு மெழுகுவர்த்தியையும் கொளுத்தச் சொல். கோழியை எங்கே வைப்பது என்று உங்கள் மேனேஜர் யோசிக்கட்டும்.

இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. உனக்கு என்னைத் தெரியும்.

பிலவேந்திரன்


பெரம்பலூர்
28 அக்டோபர் 2024

மாமா,

நீங்கள் வந்து படுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதெல்லாம். உங்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நிகில் சாரிடம் உண்மையைச் சொன்னேன். "சார், அது உண்மையாவே கோயில் மேச. எங்க அத்தைய அதுலதான் வச்சிருந்தாங்க. விருந்து வேணாம் சார்." அவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, "இதையே விருந்துல நீங்க உங்க வாயால சொல்லணும். இதே கொரல்ல" என்றார்.

உண்மையைச் சொன்னால் கை தட்டும் மனிதரிடம் வேறு என்ன செய்வது? உங்கள் தங்கை மகளாக மாறினேன்.

மறுநாள் காலையில் வேர்த்து விறுவிறுத்து அவர் அறைக்கு ஓடினேன். "சார், பெரிய தப்பு நடந்துபோச்சு. அது தேக்கு இல்ல. எட்டி மரம்." அவருக்கு எட்டி என்றால் என்னவென்று தெரியவில்லை. போனில் தேடிக் காட்டினேன். விஷம் என்ற சொல்லைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். நான் நிறுத்தவில்லை. "எட்டிப் பலகையில சூடா சாப்பாடு வச்சா விஷம் ஏறும் சார். எங்க பக்கத்துல ஒரு ஜமீன்ல விருந்து வச்சிருக்காங்க, பாயசம் வர்றதுக்குள்ள பந்தியே சாஞ்சிடுச்சு. பூன கூட பொழைக்கல. அதுக்கப்புறம்தான் செத்தவங்களுக்கு மட்டும்னு ஒதுக்கி வச்சாங்க, அவங்களுக்கு இனிமே என்ன ஆவப்போவுது?" அவர் முந்தின நாள் அந்த மேசையில் வைத்த இட்லி நான்கு சாப்பிட்டிருந்தார். நாக்கை நீட்டி, நிறம் மாறியிருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். "லேசா" என்றேன்.

பத்து நிமிடத்தில் மேசை பின்பக்கம் போயிற்று. விருந்து போயிற்று. மாலைக்குள் என்னுடைய டூரும் போயிற்று. விஷ மேசையை வாங்கி வந்தது யார் என்று தலைமை ஆபீசில் கேட்டார்களாம். நான்தானே வாங்கினேன்? கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். நேற்றிலிருந்து லாண்டரியில் இருக்கிறேன். படுக்கை விரிப்பும் துண்டும் எண்ணுகிறேன். ஜனவரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்குப் பதிலாக வெற்றிச்செல்வி என்று புதுப் பெண் டூர் சொல்கிறாள். பியானோவைத் துரைசாணி அல்ல, துரை வாசித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மேசையை உடைத்து எரிக்கச் சொன்னார்கள். புகையும் விஷம் என்று சொல்லிவிட்டேன். மாயவன் என்று ஒருவர் மினி லாரியில் கொண்டுவருவார். இறக்கிக்கொள்ளுங்கள். லண்டனுக்கு அனுப்புகிறீர்களோ, லாடபுரத்துக்கு அனுப்புகிறீர்களோ, உங்கள் பாடு.

உங்களைப்போலப் பேசியபோது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நன்றி சொல்லி எழுதினால் படிக்காமல் கிழிப்பேன்.

ஜெனிதா


வரதராசன்பேட்டை
4 நவம்பர் 2024

ஜெனிதாவுக்கு,

நன்றி சொல்லவில்லை. தைரியமாகப் படி.

பூனை கூடப் பிழைக்கவில்லை என்பது நல்ல இடம். நானாக இருந்தால் பூனையைக் கடைசியில் வைத்திருப்பேன். மற்றபடி திருத்த ஒன்றுமில்லை. துண்டு எண்ணுகிற இடத்தில் உன்னை வைத்திருக்கிறவர்கள் மடையர்கள். அதை எழுதி அனுப்பலாம் என்றால், என் இங்கிலீஷ் கடிதம் என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம். சும்மா இருக்கிறேன். என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய உபகாரம் யாருக்கும் செய்ததில்லை.

மாயவன் மழையில் வந்தார். "எங்க எறக்கறதுங்க?" என்றார். மறுபடி கேட்டார். பக்கத்து வீட்டு வீரம்மாள்தான், "நெனையுதுல்ல, உள்ள கொண்டா" என்றாள். கோயிலில் வாங்கமாட்டார்கள். ஐஸ் பெட்டியே அந்த அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் மேசை இப்போது என் கூடத்தில் இருக்கிறது. டிவி தெரியவில்லை. பீரோவைத் திறக்க முடியவில்லை. அடுப்படிக்குப் போக ஒருக்களித்துத்தான் நடக்கிறேன். ஒரு கால் தெரிகிறது என்று ஓடினவன் வீட்டில் நாலு காலும் வந்து நிற்கிறது.

இரண்டு நாள் அதன் பக்கம் போகவில்லை. கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம், உன் அத்தை கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்து, முதல் தடவையாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

தலைமாட்டுப் பக்கம், இடது ஓரத்தில், ஒரு கறை இருக்கும். அடக்கப் பூசையன்று அந்தப் பக்கத்து மெழுகுவர்த்தி சாய்ந்து, வெல்வெட்டை நனைத்து மரத்தில் இறங்கிவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். துடைக்கவில்லை. துடைத்தால் பூசை முடிந்துவிடும் என்று ஏதோ ஒரு நினைப்பு. அந்தக் கறைக்காகத்தான் மேசையைப் பார்க்க முடியாமல் இத்தனை வருடம் ஓடினேன்.

அது இல்லை. உங்கள் ஆட்கள் இழைத்து, சுரண்டி, பாலிஷ் போட்டுவிட்டார்கள். தடவித் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. இப்போது அது நிஜமாகவே எந்தத் துரையோ சாப்பிட்ட மேசை மாதிரிதான் இருக்கிறது. நான் சொன்ன பொய்யை நீங்கள் மரம் வரைக்கும் இறக்கிவிட்டீர்கள். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று வெகுநேரம் தேடினேன். வார்த்தை அகப்படவில்லை. இது எனக்குப் புதிது, அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

கல்லறையில் ஏற்றிவிட்டு மிச்சமிருந்த மெழுகுவர்த்தி ஒன்று பையில் இருந்தது. இடது ஓரத் துளையில் நட்டுக் கொளுத்தினேன். சன்னல் வழியாகக் காற்று வந்து அது சாய்ந்தது. நிமிர்த்தவில்லை. சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ லாண்டரியில் இருக்கிறாய். மெழுகுக் கறையை எப்படி எடுப்பது என்று உன் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதே.

பிலவேந்திரன்